கம்ப்யூட்டர் முழுங்கிய குரல்!

மைக் புதுசு. கம்ப்யூட்டர் போன மாதம்தான் தவணையில் வாங்கியது. பாடுகிறவருக்கு இன்றைக்குப் பார்த்துத் தொண்டைகூட ஒத்துழைக்கிறது. ரெக்கார்ட் பட்டனைத் தட்டி, பல்லவியில் ஆரம்பித்துச் சரணம் வரை பாடி முடித்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்து கேட்டால்... நடுநடுவே யாரோ பொரிகடலை மெல்கிறார்கள். 'டிக்... டிக்... கரக்!'

யார் அது?

சாஃப்ட்வேர் கம்பெனியைக் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். டிரைவரைப் பாருங்க" என்பார்கள். சவுண்ட் கார்டு கம்பெனியில், "விண்டோஸை அப்டேட் பண்ணீங்களா?" என்பார்கள். விண்டோஸைக் கேட்டால், 'இந்தக் கருவிக்கு மிகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்களுக்கு இந்த அனுபவம் பழகியிருக்கும். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஃபைல் மட்டும் நகராது.

இத்தனைக்கும் மூன்று பேரும் சொல்வது பொய்யில்லை. தனித்தனியாக எல்லோரும் நல்லவர்கள். சேர்ந்து குடித்தனம் நடத்தும்போதுதான் தகராறு.

துபாஷி என்ன சொல்கிறார்?

டிரைவர் என்றதும் காக்கிச் சட்டை ஞாபகம் வரலாம். இவரைத் துபாஷி என்று சொல்வதுதான் பொருத்தம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸில் வெள்ளைக்கார வியாபாரிக்குத் தமிழ் தெரியாது. நெசவாளருக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் ஒரு துபாஷி. அவர் சரியாக இருந்தால் துணி கப்பலேறும். அவர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் வியாபாரம் குட்டிச்சுவர்.

சவுண்ட் கார்டுக்குத் தெரிந்ததெல்லாம் அளப்பது மட்டும். மைக்கிலிருந்து வரும் மின் அலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக மாற்றித் தள்ளும். 16 பிட், ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 1,76,400 பைட். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். இந்த எண்களை வாங்கி வரிசையாக அடுக்கி வைப்பது ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். இரண்டுக்கும் நடுவே டிரைவர் என்கிற துபாஷி.

கம்ப்யூட்டர் செய்கிற வேலைகளில் முக்கால்வாசி காத்திருக்கக் கூடியவை. கடிதம் இரண்டு வினாடி தாமதமாக பிரின்ட் ஆனால் யாரும் சாகமாட்டார்கள். போட்டோ மெதுவாகத் திறந்தால் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒலி அப்படியில்லை. இந்தக் கணத்தில் வந்த சத்தத்தை இந்தக் கணத்தில் வாங்கினால் உண்டு. விட்டால் போனது போனதுதான். எல்லோரையும் காக்க வைத்தே பழகிப்போன ஓர் இயந்திரத்திடம், காத்திருக்கவே தெரியாத ஒரு சமாசாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மொத்தச் சண்டையும் இங்கேதான் ஆரம்பம்.

தெருக்குழாயும் குடமும்

தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. மூடும் திருகு கிடையாது. இரண்டு குடம் இருக்கிறது. ஒன்று நிரம்பியதும் அதை நகர்த்திவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். அது நிரம்புவதற்குள் முதல் குடத்தை அண்டாவில் கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். நடுவில் அடுத்த வீட்டு மாமி, "என்னப்பா, தங்கச்சிக்கு வரன் அமைஞ்சுதா?" என்று பிடித்துக்கொண்டால், தண்ணீர் ரோட்டில் ஓடும்.

அந்தக் குடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். ரோட்டில் ஓடிய தண்ணீர்தான் நீங்கள் கேட்ட அந்த 'டிக்'.

வினாடிக்கு 44,100 அளவு வருகிற கணக்கில், 1,024 அளவு கொள்ளும் குடம் நிரம்ப 23 மில்லி செகண்டு ஆகும். வினாடிக்கு 43 முறை குடம் மாற்றினால் போதும். 64 அளவு கொள்ளும் சொம்பை வைத்தால் ஒன்றரை மில்லி செகண்டில் நிரம்பிவிடும். வினாடிக்கு 689 முறை ஓட வேண்டும்!

"அப்போ பெரிய குடமாவே வெச்சுக்கலாமே சார்?"

நியாயமான கேள்வி. வைக்கலாம். ஆனால் நிரம்பின பிறகுதானே தண்ணீர் வீட்டுக்குள் வரும்? ஹெட்போனில் தன் குரலையே கேட்டுக்கொண்டு பாடுகிறவருக்கு, அந்தக் குரல் அத்தனை தாமதமாக வந்து சேரும். போகும்போது ஒரு குடம், வரும்போது ஒரு குடம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 30 மில்லி செகண்டு தாமதம் என்றால், மிருதங்கக்காரரைப் பத்து மீட்டர் தள்ளி ஹால் கடைசியில் உட்கார வைத்துக் கச்சேரி செய்வதற்குச் சமம். தாளம் எப்படி நிற்கும்?

சின்னக் குடம் என்றால் சிந்தும். பெரிய குடம் என்றால் தாமதம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது.

தாத்தா, அப்பா, பேரன்

சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் சிரிப்பாக இருக்கும். சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ ஆரம்பித்த கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை விட்டது. அப்போது டாஸ் ராஜ்யம். நடுவில் பொதுத் துபாஷி யாரும் கிடையாது. ஒவ்வொரு புரோகிராமும் தானே நேராக கார்டிடம் பேச வேண்டும். பேசுவதற்கு விலாசம் வேண்டுமே? அதற்காக 'ஏ220 ஐ5 டி1' என்று மந்திரம் போல ஒரு வரியை கம்ப்யூட்டரில் எழுதி வைப்பார்கள். ஒரு எண் பிசகினாலும் மௌன விரதம். ஆரம்பகால கார்டுகள் கம்ப்யூட்டரைக் கூப்பிட வைத்திருந்த காலிங்பெல் நம்பர் 7. முதல் பிரின்டர் போர்ட்டுக்கும் அதே 7. மணி அடித்தால் யார் அடித்தது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முழிக்கும்.

1991-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு பஞ்சாயத்து வைத்தது. 'யாரும் கார்டிடம் நேராகப் பேச வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள், நான் டிரைவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.' இந்த ஏற்பாட்டுக்கு எம்.எம்.இ. என்று பெயர். 1995-ல் விளையாட்டுக்காரர்கள் அவசரப்படுத்தியதால் டைரக்ட் சவுண்ட் வந்தது. விண்டோஸ் 98-ல் கே-மிக்ஸர் என்று ஒரு ஹெட் கிளார்க் வந்து உட்கார்ந்தார். எல்லா புரோகிராம்களின் சத்தத்தையும் வாங்கிக் கலந்து ஒன்றாக அனுப்புவது அவர் வேலை. நல்ல மனிதர். ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும் சுமார் 30 மில்லி செகண்டு தன் மேஜையில் வைத்துத்தான் அனுப்புவார்.

பாட்டு கேட்பவர்களுக்கு இது உறைக்கவே இல்லை. பாடி ரெக்கார்ட் செய்பவர்கள்தான் தலையில் அடித்துக்கொண்டார்கள். இந்தத் தொல்லை வரும் என்று ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் கம்பெனிக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கியூபேஸ் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அவர்களுடையது. 1997-லேயே ஏஸியோ என்ற பெயரில் ஒரு கொல்லைப்புற வாசல் திறந்துவிட்டார்கள். ஹெட் கிளார்க்கைப் பார்க்காமல் சாஃப்ட்வேரும் டிரைவரும் நேராகப் பேசிக்கொள்ளலாம். வேகம் பிரமாதம். ஒரே நிபந்தனை: கார்டு தயாரித்தவர் ஏஸியோ டிரைவர் எழுதித் தர வேண்டும். அதோடு பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் அந்த வாசலில் நுழைய முடியும். ரெக்கார்டிங் நடக்கும்போது யூடியூப் ஊமையாகிவிடுகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

2007-ல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒலி வீட்டையே இடித்துக் கட்டியது. சவுண்ட் டிரைவர் தடுக்கி விழுந்தால் மொத்த கம்ப்யூட்டரும் நீலத்திரை காட்டிச் சாய்ந்துகொண்டிருந்தது. அதைக் குறைக்க, கலக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கருவறையிலிருந்து வெளிமண்டபத்துக்கு மாற்றினார்கள். புது வாசலுக்கு வாசாபி என்று பெயர். நல்ல காரியம்தான். ஆனால் பழைய கார்டுகளுக்குப் புது டிரைவர் எழுதித்தர எல்லாக் கம்பெனிகளும் மெனக்கெடவில்லை. 64 பிட் விஸ்டாவிலோ கையெழுத்து இல்லாத டிரைவருக்கு உள்ளேயே அனுமதியில்லை. ஆசை ஆசையாக வாங்கிய எத்தனையோ கார்டுகள் ஒரே நாளில் அலமாரி பொம்மையாயின.

வேடிக்கை என்னவென்றால், தாத்தாவையும் அப்பாவையும் யாரும் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே! அதனால்தான் அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியை இன்றைக்கு விண்டோஸில் திறந்தாலும், 'எம்.எம்.இ.யா, டைரக்ட் சவுண்டா, வாசாபியா?' என்று கேட்கிறது. இருப்பது ஒரே மைக். போகிற வழி மூன்று. எம்.எம்.இ. தாத்தாவுக்கு 31 எழுத்துக்கு மேல் ஞாபகம் நிற்காது. மைக்கின் பெயரையே பாதியில் வெட்டித்தான் சொல்வார்.

ஒரு எழுத்து

'இதெல்லாம் ஸ்டூடியோக்காரன் கவலை, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க.

பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். அவருடைய அப்பா காலமாகிப் பல வருஷமாயிற்று. பரணில் ஒரு கேசட் அகப்பட்டது. நண்பர் அஞ்சு வயசுப் பையனாக இருந்தபோது ஒரு மழைநாளில் அப்பா கதை சொன்னதை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். டேப்ரிக்கார்டரை கம்ப்யூட்டரில் சொருகி, ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து ரெக்கார்ட் செய்தார். திரையில் அலை அழகாக ஓடியது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

ராத்திரி மனைவி, குழந்தைகளோடு உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது. ரெக்கார்டிங் நடந்த நேரத்தில் வைரஸ் தேடும் புரோகிராம் விழித்துக்கொண்டு டிஸ்க்கைக் குடைந்திருக்கிறது. பல இடங்களில் 'டிக்'. ஒரு 'டிக்', அப்பா இவரைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில். பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்.

மறுநாள் கேசட்டைத் திரும்பப் போட்டார். பழைய நாடா. உள்ளே போய்ச் சிக்கி, இரண்டாக அறுந்தது.

"எல்லாக் கதையும் இருக்குடா. அந்த ஒரு எழுத்துதான் இல்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

காகிதத்தில் மை சிந்தினால் கண்ணுக்குத் தெரியும். ரெக்கார்டிங்கில் சிந்தினதைப் பல சாஃப்ட்வேர்கள் வாய் திறந்து சொல்வதே கிடையாது. அலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். காதால் கேட்டால்தான் தெரியும். அதற்குள் பாடியவர் வீட்டுக்குப் போயிருப்பார். சில சமயம், திரும்பி வரவே முடியாத இடத்துக்குப் போயிருப்பார்.

ஒன்றே முக்கால் கட்டை!

குடம் சிந்துவது ஒரு ரகம். குடத்தின் அளவையே தப்பாகச் சொல்வது இன்னொரு ரகம்.

சி.டி.யின் கணக்கு வினாடிக்கு 44,100. வீடியோவின் கணக்கு 48,000. சாஃப்ட்வேர் ஒன்றையும் டிரைவர் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டிருந்தால் நடுவில் யாராவது மாற்றித்தர வேண்டும். மாற்றாமல் அப்படியே ஓடவிட்டால்? 44,100-ல் பிடித்ததை 48,000-ல் ஓட்டினால் ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிடத்திலேயே மங்களம் பாடிவிடும். ஒரு கட்டையில் பாடிய வித்வான் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கட்டையில் கேட்பார். அந்த சுருதிக்கு ஆர்மோனியத்தில் கட்டையே கிடையாது!

யு.எஸ்.பி. மைக்கில் பாடிக்கொண்டு கம்ப்யூட்டரின் சொந்த சவுண்ட் கார்டில் கேட்பவர்களுக்குத் தனி ஒரு தொல்லை. இரண்டிலும் இரண்டு கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வினாடி விலகிப்போகும். அதைச் சரிக்கட்டத் தெரியாத சாஃப்ட்வேர் அவ்வப்போது ஒரு 'டிக்' போட்டுவிட்டுப் போகும்.

உதவி செய்கிறேன் பேர்வழி

இன்றைய கம்ப்யூட்டர்களில் வேறொரு தினுசு வந்திருக்கிறது. நாம் கேட்காமலே உதவுகிறவர்கள்.

ஆபீஸ் மீட்டிங்குக்காக டிரைவரோடு சேர்ந்து வரும் 'இரைச்சல் நீக்கி'க்குப் பேச்சு மட்டும்தான் மனித சத்தம். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் ஃபேன், ஏ.சி. தம்பூராவைப் போட்டுக்கொண்டு பாடிப் பாருங்கள். 'பாவம், ஃபேன் சத்தத்தில் பாடுகிறார்' என்று இரக்கப்பட்டு சுருதியையே துடைத்துப் போட்டுவிடும்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு தேனாக ஒலிக்கும். அதன் மைக்கைத் திறந்த மறுநிமிடம் பழைய டெலிபோன் மாதிரி கரகரக்கும். வழக்கமான புளூடூத் முறையில் மைக்கும் சேர்ந்து ஓடும்போது ஒலியின் அளவு வினாடிக்கு 16,000-க்கோ 8,000-க்கோ இறங்கிவிடுவதுதான் காரணம். மைக் கெட்டுப்போகவில்லை.

விண்டோஸ் 10, 11-ல் மைக்கை யார் தொடலாம் என்று ரகசியப் பாதுகாப்புப் பகுதியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது மூடியிருந்தால் சாஃப்ட்வேருக்கு மைக் கண்ணுக்குத் தெரியும், சத்தம் மட்டும் வராது. 11-ல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற காவல்காரர், லட்சணம் சரியில்லாத பழைய டிரைவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார். திருடனைப் பிடிக்க வைத்த காவல். சில சமயம் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதரும் மாட்டிக்கொள்கிறார்.

என்ன செய்யலாம்?

* வழியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கார்டு கம்பெனியே கொடுத்த ஏஸியோ டிரைவர் இருந்து, உங்கள் சாஃப்ட்வேரும் அதை ஏற்றுக்கொண்டால் அதுவே முதல் மரியாதை. இல்லையென்றால் வாசாபி. கேசட்டிலிருந்து ஏற்றுவது போல அவசரமில்லாத வேலைக்கு எம்.எம்.இ. தாத்தாவே போதும்.

* கேசட், பேட்டி, கச்சேரி என்று சும்மா பிடிக்க மட்டும் வேண்டுமானால் பெரிய குடம். தாமதத்தால் அங்கே நஷ்டமில்லை. ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால் மட்டும் 256, 128 என்று படிப்படியாக இறக்குங்கள். 'டிக்' கேட்டதும் ஒரு படி ஏற்றுங்கள்.

* 44,100-ஆ, 48,000-ஆ? ஒன்றை முடிவு செய்து சாஃப்ட்வேரிலும் விண்டோஸ் ஒலிப் பகுதியிலும் ஒரே எண்ணை வையுங்கள். ஒலியை மெருகேற்றுகிறேன் என்கிற உதவிகளை அணைத்துவிடுங்கள்.

* ரெக்கார்டிங் நேரத்தில் வை-ஃபை, வைரஸ் தேடல், தானாக நடக்கும் அப்டேட் மூன்றுக்கும் லீவு கொடுங்கள். சில வை-ஃபை டிரைவர்கள் சில மில்லி செகண்டு பிராசஸரை விடாமல் பிடித்துக்கொள்ளும். குடம் சிந்த அது போதும். யார் பிடித்துக்கொண்டார்கள் என்று துப்பறிய 'லேட்டன்சிமான்' என்று ஒரு புரோகிராம் இருக்கிறது.

* நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை முக்கியமான ரெக்கார்டிங்குக்கு முதல் நாள் மாற்றாதீர்கள். மாற்றிக் கெட்டுவிட்டால் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்கே திரும்பிப் போக வழி உண்டு.

* புதுசாகவோ பழசாகவோ கார்டு வாங்கும்முன், உங்களிடம் இருக்கும் விண்டோஸுக்கு அந்தக் கம்பெனி டிரைவர் கொடுக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் இல்லாத கார்டு, தறி இருந்தும் நூல் இல்லாத கதை.

* திரும்பக் கிடைக்காத குரல் என்றால் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தில் செல்போனிலும் ஓடவிடுங்கள். சுமாரான இரண்டாவது பிரதி, அருமையான ஓட்டையை அடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விதி. முதலில் ஐந்து நிமிடம் பிடித்து, ஹெட்போனில் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் நிஜ ரெக்கார்டிங். இதை எந்த கம்ப்யூட்டர் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்ட வருவாரே, அவர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வரட்டும், மந்திரி வரட்டும், "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..." சொல்லாமல் அவர் யார் கையிலும் மைக்கைக் கொடுத்ததில்லை. நாம்தான் சிரித்தோம்.